நடுக்கோட்டுக்குப் பக்கத்தில்

கண்ணாடி மேசைமேல் பச்சைத் துணியை விரித்து, இரண்டு லென்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவிட்டு, "பாத்துக்கிட்டிருங்க சார், ஒங்க பேட்டரி சுத்தமா எறங்கிடுச்சு, கொஞ்சம் சார்ஜ் ஏத்தி எடுத்துட்டு வரேன்" என்று கேமரா கடைப் பெண் பர்வீன் உள்ளே போய்விட்டாள். தர்மலிங்கம் பார்த்துக்கொண்டிருந்தார். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருப்பவருக்குப் பார்த்துக்கொண்டிருப்பது புதிய வேலையல்ல. கம்பத்தில் ஆள் ஏறியிருக்கும்போது கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், வேடிக்கை பார்க்க வருகிறவர்களைத் தள்ளி நில்லுங்க, தள்ளி நில்லுங்க என்று விரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு லென்ஸ் நெட்டை, ஒன்று குட்டை. நெட்டையைத் திருகினால் இன்னும் நீண்டது. கையில் எடுத்தால் கனத்தது, கொடுத்த காசுக்குப் பொருள் இருக்கிறது என்று உள்ளங்கைக்கே தெரிந்தது. குட்டை ஒரு சுண்ணாம்பு டப்பா அளவுதான் இருக்கும். நீளாது, சுருங்காது, இதையா இந்தப் பெண் இவ்வளவு பெருமையாகச் சொன்னாள்? உள்ளரங்கு மேட்ச் என்றால் இதுதான் சார், வெளிச்சத்தை அள்ளி எடுக்கும் சார் என்றாள். அள்ளட்டும். ஆனால் இதை மாட்டினால் ஸ்டேடியத்தின் மேல் வரிசையிலிருந்து மகள் எறும்பாகத்தான் தெரிவாள். மேல் வரிசையை விட்டு அவர் இறங்க முடியாது. அதை இந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் ஏன் சார் என்பாள். ஏன் என்று சொன்னால் சிரிப்பாள். நெட்டையே நல்லது, நெட்டையை வாங்கிக்கொண்டு வாயைத் திறக்காமல் கிளம்பிவிடலாம் என்று கை மறுபடியும் அதன்மேலேயே போனது. போன கை அங்கேயே நின்றது, ஏனென்றால் நெட்டையில் எடுத்தால் படம் இருட்டடித்துக் குழம்பும் என்றும் அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள், குழம்பிய படம் வீட்டில் ஏற்கெனவே போதும் போதும் என்கிற அளவுக்குக் கிடக்கிறது.

அத்தனையும் கோகிலாவின் படங்கள். அவர் மகள் கோகிலவாணி, கல்லூரிக் கபடிக் குழுவில் பாடிப் போகிறவள். போன வருஷம் தவணையில் இந்தக் கேமராவை வாங்கியதே அவளுக்காகத்தான். முதன்முதலாகக் கேமரா வாங்குகிறவர்களுக்கு இதுதான் சரி என்று எல்லாரும் சொன்னார்கள், கூடவே ஒரு லென்ஸும் வந்தது, அதை வைத்துக்கொண்டு ஒவ்வொரு மேட்சுக்கும் மேலே ஏறி உட்கார்ந்து சுட்டுத் தள்ளினார். வீட்டில் கணினியில் போட்டுப் பார்த்தால் மகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிவப்புத் தீற்றல்தான் இருக்கும். ஜெர்சி சிவப்பு. முகம் இல்லை. அந்த முகத்தை அவர் பார்த்திருக்கிறாரே, அதுதான் வயிற்றெரிச்சல். நடுக்கோட்டைக் குனிந்து தொட்டுவிட்டு அவள் எதிராளி பக்கம் போகிற அழகு இருக்கிறதே, மற்றப் பெண்கள் எல்லாம் பாய்வார்கள், துள்ளுவார்கள், இவள் பக்கத்து வீட்டுக்கு மோர் வாங்கப் போகிறவள்போல நடந்து போவாள். உதடு மட்டும் கபடி கபடி என்று ஓடிக்கொண்டிருக்கும். ஏழு பேர் கை கோத்து அவளைச் சுற்றி வளைக்க வருவார்கள், அவள் கண் யாரையும் பார்க்காது, எல்லாரையும் பார்க்கும். பிறகு ஒரு தோள் அசையும், அது பொய், எல்லாரும் அந்தப் பக்கம் சாய்வார்கள், இந்தப் பக்கக் கால் நீண்டு ஒருத்தியைத் தொட்டிருக்கும், தொட்ட அடுத்த கணம் அவள் திரும்பியிருப்பாள். திரும்பும்போது அந்த முகம். பயமும் இல்லை, சிரிப்பும் இல்லை, வீட்டில் அந்த முகத்தை அவர் கண்டதே கிடையாது. துணி மடிக்கிறவளும் செல்போனை நோண்டுகிறவளும் ரசத்தில் உப்பில்லை என்று அம்மாவிடம் வாயாடுகிறவளும் வேறு யாரோ. இவள் எனக்குப் பிறந்தவள்தானா, கரன்ட் கம்பத்துக்குக் கீழே நின்றே காலத்தை ஓட்டிய எனக்கு இப்படி ஒருத்தியா என்று தனக்குள்ளேயே கேட்டுக்கொள்வார். அந்த முகத்தை ஒரே ஒரு படத்தில் பிடித்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம். அதற்கு அப்புறம் முட்டி ஆபரேஷன். ஜவ்வு கிழிந்திருக்கிறது, பட்டை கட்டிக்கொண்டு இந்த ஒன்றை மட்டும் ஆடிக்கொள், அப்புறம் ஆடுவதைப் பற்றி அப்புறம் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னார். அப்புறம் என்றால் எப்போது என்று கோகிலா கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. கேட்காமல் வீட்டுக்கு வந்தார்கள், வழியில் அவள் கரும்புச் சாறு வேண்டும் என்றாள், குடித்தார்கள்.

சற்று முன்னால் பர்வீன் அந்தப் படங்களைத் தன் திரையில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னாள், அது இன்னும் தொண்டையில் முள்ளாகக் குத்திக்கொண்டிருக்கிறது. "பொண்ணு ஓடறதுனால மட்டும் இல்ல சார். பின்னாடி சுவரும்ல ஆடியிருக்கு? அதுல எழுதியிருக்கறது ரெண்டு ரெண்டாத் தெரியுது பாருங்க. சுவரு எங்க ஓடும்? ஒங்க கை ஆடுது." கை ஆடுவதா! லைன்மேனாக இருந்த காலத்தில் மழை நாளில் ஈரக் கம்பத்தில் ஏறி ஃபியூஸ் போட்ட கை. ஒருநாளும் ஆடினதில்லை. ஆடியது எது என்று அவருக்குத் தெரியும், தெரிந்தும் மூச்சு விடவில்லை. தாடை. கேமராவைக் கன்னத்தோடு ஒட்டி வைத்துக்கொண்டு கண்ணால் பார்க்கிறார், கோகிலா கோட்டைத் தாண்டியதும் அவர் வாயும் தானாகத் தொடங்கிவிடும், கபடி கபடி கபடி, மேலே ஒரு மூலையில், யாருக்கும் கேட்காமல், அவள் திரும்பி வந்து கோட்டைத் தொடும் வரைக்கும். அவளுக்கு மூச்சு தீர்ந்துவிட்டால்? அதற்காகத்தான். அவள் மூச்சு தீர்ந்தால் இவர் மூச்சு எப்படி அவளுக்கு உதவும் என்று கேட்டால் பதில் கிடையாது. ஆனால் பாடாமல் இருக்க முடியாது. நாலு பேரை வேலை வாங்குகிற, மயிர் நரைத்த ஆள் கேமராவுக்குப் பின்னால் கபடி பாடிக்கொண்டிருந்தார், அதனால்தான் சுவர் ஆடியது என்று இந்தப் பெண்ணிடம் சொல்ல முடியுமா? கை ஆடுவதாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

கீழே உட்கார்ந்த காலமும் உண்டு. மணப்பாறையில் ஒரு மேட்ச், கோகிலா அப்போது பள்ளிக்கூடம். கோட்டுக்குப் பக்கத்திலேயே நாற்காலி, சிறப்பு விருந்தினராக வந்திருந்தது இவருடைய ஏ.ஈ., மேலதிகாரி. என் பக்கத்தில் உட்காருங்க தர்மலிங்கம் என்றார், உட்கார்ந்தார். கையைக் கட்டிக்கொண்டு, சட்டைப் பொத்தானை மேல் வரைக்கும் போட்டுக்கொண்டு. கோகிலா பாடிப் போனாள், பாதியில் ஒரு கணம் இவர் பக்கம் திரும்பிப் பார்த்தாள், பாட்டு அறுந்தது, அவுட். மறுபடி போனாள், மறுபடி அறுந்தது. அந்த மேட்ச் தோற்றது. ராத்திரி சாப்பாடு போடும்போது செண்பகம், அவர் சம்சாரம், கோபமாகக்கூடச் சொல்லவில்லை, சும்மா பேச்சுவாக்கில் சொன்னாள்: "நீங்க மூஞ்சிக்கு நேரா போயி ஒக்காந்தா புள்ளைக்கு எப்படி ஓடும்?" அவ்வளவுதான். அடுத்த மேட்சுக்குக் கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தார், கோகிலா பிய்த்து உதறினாள். அதற்கடுத்ததும் அப்படியே. அன்றிலிருந்து இது வீட்டில் சட்டம். யாரும் எழுதி வைக்கவில்லை, வாய்விட்டுப் பேசவும் இல்லை, மேட்ச் அன்றைக்குக் கிளம்பும்போது செண்பகம் மேலதானே என்று கேட்பாள், மேலதான் என்பார். அப்பா கிட்டே வந்தால் மகள் தோற்பாள். படித்தவன் நம்புகிற விஷயமா இது? மின்சாரம் என்ன சென்டிமென்ட் பார்த்தா பாய்கிறது? எல்லாம் சரி. ஆனால் இறுதி ஆட்டத்தில் போய்ச் சோதித்துப் பார்க்க முடியுமா? கடைசி ஆட்டமாகவும் இருக்கலாம் என்னும்போது? ஒரு படத்துக்காகப் பிள்ளையைத் தோற்க வைத்த அப்பன் என்று தன்னைத்தானே காலமெல்லாம் சொல்லிக்கொள்வதா? ஆகவே நெட்டை. ஆனால் நெட்டையில் முகம் விழாது. முகம் விழ வேண்டுமானால் குட்டை. குட்டை என்றால் கோட்டுக்குப் பக்கம். கோட்டுக்குப் பக்கம் என்றால் மணப்பாறை. செக்குமாடு மாதிரி மனசு அதையே சுற்றிக்கொண்டிருந்தது, ஏசிக் காற்றிலும் காதுக்குப் பின்னால் வியர்த்தது.

பர்வீன் பேட்டரியோடு வந்தாள். முதலில் நெட்டையை மாட்டினாள். "அந்தக் கடைசில காலண்டர் தொங்குதுல்ல, அதப் புடிங்க. மூச்சப் புடிச்சிக்கிட்டு அழுத்துங்க." பிடித்தார். காலண்டர் கண்முன்னால் வந்து நின்றது, ராகுகாலம்கூடத் தெரிந்தது, அடேயப்பா என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். அவள் கடை விளக்கில் பாதியை அணைத்தாள். "உங்க ஸ்டேடியத்துல இவ்ளோதானே இருக்கும்? இப்ப எடுங்க, நான் நடக்கறேன்." எடுத்தார். திரையில் ஒரு பச்சைத் துப்பட்டா புகையாகக் கிடந்தது. பிறகு குட்டையை மாட்டினாள். இதோ இந்த வாயைப் பாருங்க சார், எவ்வளவு அகலமாத் தெறக்குது என்று காட்டினாள். குனிந்து பார்த்தவருக்கு உள்ளே ஆழத்தில் நீலமும் ஊதாவுமாக ஒரு வெளிச்சம் கிடந்தது, கிணற்றுக்குள் பார்த்ததுபோல் கொஞ்சநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு சின்னதுக்குள் இவ்வளவு இடமா? சுண்ணாம்பு டப்பா என்று நினைத்ததற்கு உள்ளூர வெட்கப்பட்டார். எடுத்தார். அதே பாதி வெளிச்சத்தில் பர்வீன் நடந்து வந்த நடையில் அப்படியே நின்றாள், புருவத்து முடி ஒவ்வொன்றும் தனித்தனியாக. "நல்லாருக்குல்ல? ஆனா ஒண்ணு சார், இதுல ஜூம் கெடையாது. முகம் வேணும்னா நீங்கதான் கிட்டப் போவணும்." தெரியும் அம்மா, தெரியும், அதுதானே இங்கே தகராறு என்று மனசுக்குள் சொன்னார். "எவ்வளவு கிட்ட?" என்று கேட்டார், ஏதோ அதில் பேரம் பேச இடமிருப்பதுபோல. "கோட்டுக்குப் பக்கத்துல எடம் கெடைச்சா அதான் பெஸ்ட்டு." தர்மலிங்கம் லென்ஸுக்கு மூடியைப் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். அப்புறம் அவரே எதிர்பாராமல் செல்போனை எடுத்து மகளைக் கூப்பிட்டுவிட்டார். கூப்பிட்ட பிறகுதான் என்ன பேசுவது என்று யோசித்தார், அதற்குள் அவள் எடுத்துவிட்டாள்.

"என்னப்பா, எங்க இருக்கீங்க?"

"இல்ல, சும்மாதான். கேமரா கடைல. முட்டிக்கு ஐஸ் வெச்சியா?"

"வெச்சேன் வெச்சேன். அதக் கேக்கவா போன் பண்ணீங்க?"

"இல்ல. ஒரு லென்ஸ் பாத்தேன். நல்லாருக்கு. ஆனா அதுல எடுக்கணும்னா பக்கத்துல ஒக்காரணுமாம். கோட்டு கிட்ட." சொல்லிவிட்டார். "வேணாம்னா வேணாம். நான் மேலயே இருந்துக்கறேன், இன்னொரு லென்ஸ் இருக்கு, அதுவும் நல்லாத்தான்..."

"அப்பா."

"சொல்லுமா."

"நீங்க மேல போயி ஒக்கார்றது எதுக்குன்னு அம்மா சொல்லியிருக்கு. மணப்பாறைதானே?" அவள் சிரித்தாள், பிறகு சிரிக்கவில்லை. "அன்னிக்கு நீங்க பக்கத்துல இருந்ததுனால அவுட் ஆகலப்பா. நீங்க பாடல. ஒங்க ஏ.ஈ. பக்கத்துல வாய மூடிக்கிட்டு ஒக்காந்திருந்தீங்க. சின்ன வயசுலேருந்து நீங்க கூடப் பாடிப் பாடி எனக்கு அதான் பழக்கம். அன்னிக்கு என்னாச்சு அப்பாவுக்குன்னு திரும்பிப் பாத்தேன், விட்டுப்போச்சு."

"நான் பாடறது ஒனக்கு எப்படித் தெரியும்?"

"எப்படித் தெரியுமா? ஸ்டேடியம் பூராவும் கேக்குதுப்பா! எங்க டீம்ல ஒங்களுக்குப் பேரே எட்டாவது ஆளு. மூச்சு முட்டும்போது ஒங்க பாட்டப் புடிச்சிக்கிட்டுத்தான் நான் திரும்பி வர்றேன்."

தர்மலிங்கம் பர்வீனுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். "இத்தன நாளா ஏன்டா சொல்லல?" என்றார்.

"சொன்னா கூச்சப்பட்டுக்கிட்டு நிறுத்திடுவீங்க. மேல இருந்தாத்தான் கூச்சமில்லாம பாடுவீங்கன்னு நானும் விட்டுட்டேன். இந்தத் தடவ கீழ வாங்கப்பா. எனக்கு முட்டி பயமா இருக்கு. பக்கத்துல இருங்க. ஆனா போட்டோ எடுக்கறேன்னு பாட்ட விட்டுடாதீங்க, ஆமா."

வைத்துவிட்டாள். பயமாக இருக்கிறதாம். டாக்டரிடம் கேட்காதவள், கரும்புச் சாறு கேட்டவள். எட்டாவது ஆள். ஸ்டேடியம் பூராவும். அப்படியானால் அந்தத் தூண், அந்த மூலை, யாருக்கும் கேட்காது என்று எத்தனை வருஷமாக நம்பிக்கொண்டு... வெட்கம் முதலில் வந்தது, காதுமடல் சுட்டது, வெட்கத்துக்குப் பின்னாலேயே வேறொன்று வந்து அதைத் தள்ளிவிட்டது. அவள் அங்கே தனியாகப் போகிறாள், எதிராளி மண்ணில் அவளுக்கென்று யாரும் இல்லை என்று அவர் பயந்துகொண்டிருந்த ஒவ்வொரு தடவையும் அவர் அங்கே இருந்திருக்கிறார். தள்ளி நிற்பதே நான் அவளுக்குச் செய்கிற உபகாரம் என்று நினைத்தவர், தள்ளி நிற்கவே இல்லை. சந்தோஷமாக இருந்தது. கடையில் உட்கார்ந்து அழக் கூடாது என்கிற அளவுக்குச் சந்தோஷமாக இருந்தது. சரி, குட்டை லென்ஸ், கீழே, கோட்டுக்குப் பக்கம், முடிந்தது. ஆனால் முடியவில்லையே. பாடினால் தாடை ஆடும். தாடை ஆடினால் கேமரா ஆடும். எடுக்காதே பாடு என்கிறாளா? பாடலாம், பாடுவார், அதில் சந்தேகமே இல்லை, ஆனால் திரும்புகிற அந்த முகம், ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் அந்த முகத்தை எங்கே போய்ப் பார்ப்பது? ஒரு வாயை வைத்துக்கொண்டு இரண்டையும் எப்படிச் செய்வது? கேமராவைக் கன்னத்தில் வைக்காமல் இருந்தால்? கையில் நீட்டிப் பிடித்தால் இன்னும் ஆடும். அவர் திரும்பிப் பர்வீனைப் பார்த்தார். இனி மறைக்க என்ன இருக்கிறது? ஸ்டேடியத்துக்கே தெரிந்தது இவளுக்குத் தெரிந்தால் என்ன?

"ஏம்மா, கை ஆடலம்மா. நான் பாடுவேன். எம் பொண்ணு பாடிப் போறப்ப நானும் கூடவே கபடி பாடுவேன். அதுல தாடை ஆடி கேமரா ஆடுது. பாட்ட நிறுத்த முடியாது. அதுக்கு என்னா இருக்கு ஒங்க கடைல?"

பர்வீன் சிரிக்கவில்லை. "பொண்ணு எந்தப் பக்கம் திரும்பி வரும்னு தெரியுமா சார்?"

தெரியுமாவா? அவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? எங்கே பாடிப் போனாலும் கோகிலா நடுக்கோட்டின் இடது ஓரத்துக்குத்தான் வந்து சேர்வாள், வலது காலை நீட்டி, உடம்பைத் தாழ்த்தி, கையால் கோட்டை அறைந்துகொண்டு. கண்ணைக் கட்டிவிட்டாலும் அந்த இடத்தைக் காலால் தொட்டுக் காட்டுவார். சொன்னார், எழுந்து நின்று கையால் காட்டியே சொன்னார். "அப்பறம் என்ன சார்" என்று பர்வீன் அலமாரியைத் திறந்து மூன்று கால் ஸ்டாண்டு ஒன்றை இறக்கினாள், சின்னதாக, உட்கார்ந்த ஆளின் மார்பளவுக்கு நிற்கிற மாதிரி. நுனியில் ஒரு பொத்தான் வைத்த ஒயர் ஒன்றை எடுத்துக் கேமராவில் செருகினாள். "நீங்க அவங்க பின்னாடியே துரத்தாதீங்க. அவங்க வர்ற எடத்துல இத நிறுத்தி, அந்த எடத்துக்கு மொதல்லயே போகஸ் பண்ணி வெச்சிருங்க. மூஞ்சி இதுல படவே வேணாம். நீங்க ஒங்க பாட்டுக்குப் பாடுங்க. வந்து கோட்டத் தொடறப்ப அழுத்துங்க." ஒயரைக் கையில் வாங்கிக்கொண்ட தர்மலிங்கத்துக்கு, இவ்வளவு சுலபமா என்று நம்பிக்கை வரவில்லை. ஃபியூஸ் போன இடம் ஒன்று, தான் ஊரெல்லாம் கம்பி மாற்றிக்கொண்டிருந்தது வேறு. "ஒரு தடவ பாத்துடலாமா?" என்றார்.

பர்வீன் மீதி விளக்கையும் பாதியாக்கினாள். சுவரை ஒட்டித் தரையில் ஒட்டுநாடா ஒன்றை நீளமாக ஒட்டினாள். "இதான் கோடு" என்றுவிட்டுக் கடைக்கோடிக்குப் போய் நின்றாள். பாஸ்போர்ட் படத்துக்குக் காத்திருந்த புருஷனும் பெண்டாட்டியும் காலை மடக்கி இடம் விட்டார்கள். தர்மலிங்கம் நாற்காலியை ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். "கபடி" என்று தொடங்கினார், முதல் வார்த்தை தொண்டையிலேயே நின்றுவிட்டது, மூன்று ஜோடிக் கண்கள் அவர்மேல் இருந்தன. மணப்பாறை. ஏ.ஈ. சார். பக்கத்தில் இருங்கப்பா. மறுபடி தொடங்கினார். கபடி கபடி கபடி, இந்தத் தடவை ரகசியமாகப் பாட ஒரு காரணமும் இல்லை, குரல் கண்ணாடிப் பெட்டிகளில் மோதித் திரும்பி வந்தது, அது தன்னுடைய குரல்தானா, இவ்வளவு சத்தமா அது, கபடி கபடி கபடி, பர்வீன் துப்பட்டாவை இடுப்பில் சொருகிக்கொண்டு உண்மையிலேயே ஓடி வந்தாள், வந்த வேகத்தில் குனிந்து ஒட்டுநாடாவைக் கையால் அறைந்தாள், அவர் அழுத்தினார்.

மூச்சு வாங்கிக்கொண்டே அவள் வந்து கேமராவின் பின்புறம் குனிந்தாள். அவர் பார்க்கவில்லை, அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் படத்தைப் பெரிதாக்கினாள், இன்னும் பெரிதாக்கினாள், தன் முகத்தைத் தாண்டி, காற்றில் நின்ற சடை நுனியைத் தாண்டி, பின்னால் போய்ப் பார்த்தாள்.

"சார்," என்றாள், "சுவரு ஆடவே இல்ல."

தர்மலிங்கம் நெட்டை லென்ஸை எடுத்துத் துணியால் ஒருமுறை துடைத்து, அதன் பெட்டியிலேயே பத்திரமாக வைத்துத் திருப்பிக் கொடுத்தார்.